உயர சென்சாரை மாற்றுவதற்கு முன்: மின்னணு சஸ்பென்ஷன் பழுதைப் படிப்படியாகக் கண்டறிதல்

வண்டியின் ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அல்லது தாழ்ந்து கிடக்கிறது. டேஷ்போர்டில் சஸ்பென்ஷன் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால், முன் இடது உயர சென்சாரைக் குறிக்கும் ஒரு பழுதுக் குறியீடு வருகிறது. புதியவர்கள் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். சென்சாரை வாங்கி மாட்டுகிறார்கள். சிறிது தூரம் ஓட்டியதும் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது.

அந்தச் சுற்றிலிருந்து வரும் அளவை ஏற்க முடியவில்லை என்பதை மட்டுமே குறியீடு சொல்கிறது. காரணம் சென்சாராக இருக்கலாம். அதை இழுக்கும் லிங்க் ராடு வளைந்திருக்கலாம். கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கலாம். எர்த் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) பலவீனமாக இருக்கலாம். பக்கத்துச் சென்சார் ஒன்று பொதுவான மின்சாரத்தையே கீழே இழுத்திருக்கலாம். ஆகவே டேப் வைத்து நாமே அளந்த உயரத்தை ஸ்கேனர் காட்டும் உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரை எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒப்பீட்டைச் சுற்றியே அமைந்தவை.

சென்சார் எப்படி வேலை செய்கிறது

உயர சென்சார் என்பது வண்டியின் உடலிலோ சப்ஃபிரேமிலோ பொருத்தப்பட்ட ஒரு சிறிய பெட்டி. அதிலிருந்து ஒரு குட்டி நெம்புகோல் நீளும். நெம்புகோலின் முனையை ஒரு லிங்க் ராடு, சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் லோயர் ஆர்மோடு இணைக்கும். சக்கரம் மேலே வந்தால் நெம்புகோல் ஒரு பக்கம் திரும்பும். கீழே போனால் மறுபக்கம். அந்தத் திருப்பத்தைச் சென்சார் மின்சைகையாக மாற்றி அனுப்புகிறது. சஸ்பென்ஷனை இயக்கும் சிறு கணினியான கன்ட்ரோல் யூனிட் அதைத் தன்னிடம் பதிவாகியிருக்கும் இலக்கு உயரத்தோடு ஒப்பிட்டு, ஏர் ஸ்பிரிங்கில் (உடலைத் தாங்கும், காற்று நிரம்பிய ரப்பர் பை) காற்றை நிரப்பும் அல்லது வெளியேற்றும். தானாக இறுக்கம் மாறும் ஷாக் அப்சார்பர்கள் உள்ள பல வண்டிகளில், சக்கரம் எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதையும் இதே சென்சாரிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். முகப்பு விளக்கின் சாய்வைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பும் பெரும்பாலும் இதன் அளவையே நம்பியிருக்கிறது. அதனால்தான் ஒரு சென்சார் பழுதானால் சில வண்டிகளில் விளக்கு எச்சரிக்கையும் சேர்ந்து வருகிறது.

உடலின் உயரத்தை ஒரு கம்பி வழியே கண்காணிக்கும் யோசனை பழையது. 1955-இல் வெளிவந்த சிட்ரோயன் டிஎஸ் காரில், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரிலிருந்து வந்த ஒரு கம்பி நேரடியாக ஒரு ஹைட்ராலிக் வால்வைத் திருப்பி வண்டியைச் சம உயரத்தில் வைத்தது. இன்று அந்த வால்வின் இடத்தில் சென்சாரும் கன்ட்ரோல் யூனிட்டும் வந்துவிட்டன. ஆனால் கம்பி அப்படியே இருக்கிறது. கம்பி வளைந்தால் எவ்வளவு நவீனமான வண்டியும் தன் உயரத்தைத் தவறாகவே புரிந்துகொள்ளும்.

சென்சார்களில் இரண்டு வகை உண்டு. பழைய வகையில், பொட்டென்ஷியோமீட்டரைப் போல, ஒரு மின்தடைப் பட்டையின் மேல் ஒரு தொடுமுனை உராய்ந்து நகரும். வண்டி பெரும்பாலான நேரம் இயல்பு உயரத்திலேயே ஓடுவதால், பட்டை அந்த ஓர் இடத்தில்தான் அதிகம் தேய்கிறது. எனவே இத்தகைய சென்சார் முழு உயரத்திலும் முழுத் தாழ்விலும் சரியாகக் காட்டிவிட்டு, நடுவில் மட்டும் தடுமாறும். புதிய வகை காந்தப்புலத்தையோ மின்தூண்டலையோ கொண்டு தொடாமலே அளப்பது. இதில் தேய்மானம் குறைவு. ஈரம் உள்ளே போவதும் நெம்புகோலின் அச்சு இறுகிவிடுவதுமே இதன் முக்கிய எதிரிகள்.

பெரும்பாலான சென்சார்களுக்கு மூன்று வயர்கள்: 5 வோல்ட், எர்த், சைகை. சைகை ஏறத்தாழ 0.5 முதல் 4.5 வோல்ட் வரை நகரும். 0 முதல் 5 வரை முழுவதையும் பயன்படுத்தாமல் இரு முனைகளிலும் இடம் விட்டிருப்பது வேண்டுமென்றேதான். சைகை 0-ஐத் தொட்டாலோ 5-ஐத் தொட்டாலோ, அது உயரம் அல்ல, வயர் அறுந்ததோ ஷார்ட் ஆனதோதான் என்று கன்ட்ரோல் யூனிட் உடனே அறிந்துகொள்ளும். சில வண்டிகளில் ஒரே பெட்டிக்குள் இரட்டைச் சென்சார் இருக்கும், வயர்கள் கூடும். சிலவற்றில் சைகை துடிப்புகளாக வரும். அங்கே மல்டிமீட்டர் சராசரியை மட்டுமே காட்டும், துடிப்புகளை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் தேவைப்படும். உங்கள் வண்டியில் எது என்பதை அதன் வயரிங் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், யூகிக்க வேண்டாம்.

கை வைக்கும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி, நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் தானாக நகரும். இக்னிஷன் அணைந்திருந்தாலும், கதவைத் திறந்ததும் கன்ட்ரோல் யூனிட் விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கும் வண்டிகள் உண்டு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை இருக்கும்போது காற்று வெளியேறினால், விரல்களை எடுக்க நேரம் இருக்காது. லிங்க் ராடைக் கழற்றிச் சென்சாரின் நெம்புகோலை அசைப்பது இன்னும் ஆபத்தானது. வண்டி மிக உயரமாக இருப்பதாகக் கன்ட்ரோல் யூனிட் எண்ணிக்கொள்ளலாம். அப்படி எண்ணினால் அந்த மூலையின் காற்றை முழுவதும் இறக்கிவிடும்.

வண்டியின் அடியில் போவதென்றால், தயாரிப்பாளர் குறித்திருக்கும் இடங்களில் உடலைத் தாங்கும்படி உறுதியான ஸ்டாண்டுகள் வைத்த பிறகே போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. வண்டியில் ஜாக் மோட் (தூக்கும்போது தானாக உயரம் மாறாமல் நிறுத்தும் வசதி) இருந்தால் தூக்குவதற்கு முன் அதை இயக்குங்கள். கம்ப்ரஸரின் ஃபியூஸைக் கழற்றிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது கம்ப்ரஸர் ஓடுவதை மட்டுமே தடுக்கும். வால்வுகளுக்கு மின்சாரம் வேறு வழியில் போவதால், வண்டி இறங்குவதைத் தடுக்காது. உடல் ஸ்டாண்டுகளின் மேல் நிற்க, சக்கரங்கள் முழுவதும் கீழே தொங்கும் நிலைதான் சோதனைக்குப் பாதுகாப்பானது. வேலை முடிந்ததும், ஏர் ஸ்பிரிங்குகளில் காற்று இருக்கிறதா என்று பார்த்த பின்பே எடையைச் சக்கரத்தில் இறக்குங்கள். காற்றில்லாத ரப்பர் கோணலாக மடிந்தால் கிழிந்துபோகும்.

முதல் படி: டேப்பும் தாளும்

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். டயர்களில் சரியான காற்று இருக்க வேண்டும், உள்ளே சுமை இருக்கக் கூடாது. சஸ்பென்ஷன் பொத்தானை இயல்பு நிலையில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் அதற்கு நேர் மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்து, நான்கு அளவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கில் கலந்துவிடும். சென்சார் பார்ப்பது சக்கரத்துக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை மட்டுமே.

பேட்டரியையும் இப்போதே சோதியுங்கள். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும் பேட்டரியோடு தொடங்கினால், கம்ப்ரஸர் ஓடும்போது மின்னழுத்தம் சரிந்து, இல்லாத பழுதுகளுக்கெல்லாம் குறியீடுகள் வரும். நீண்ட நேரச் சோதனைக்குச் சார்ஜரை இணைத்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: ஸ்கேனர்

மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். சஸ்பென்ஷன் கன்ட்ரோல் யூனிட்டோடு பேசக்கூடிய கருவி தேவை. சேஸிஸ் பழுதுகளின் குறியீடுகள் "சி" என்ற எழுத்தில் தொடங்கும். கன்ட்ரோல் யூனிட்டுகளுக்கிடையே தொடர்பு அறுந்தவை "யு" என்ற எழுத்தில். "யு" குறியீடுகள் நிறைய இருந்தால் சென்சாரை விட்டுவிட்டு முதலில் மின்வழங்கலையும் தொடர்பு வயர்களையும் கவனியுங்கள்.

குறியீட்டின் விளக்கத்தைக் கடைசிச் சொல் வரை படியுங்கள். "எர்த்தோடு ஷார்ட்" என்றால் சைகை 0 பக்கம் போயிருக்கிறது. "திறந்த சுற்று" என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. "நம்பத்தகாத சைகை" என்றால் மின்னழுத்தம் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் மற்றச் சக்கரங்களோடு ஒத்துப்போகவில்லை. அப்போது லிங்க் ராடைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். "கேலிப்ரேஷன் செய்யப்படவில்லை" என்று வந்தால் (கேலிப்ரேஷன் என்பது உண்மை உயரத்தைக் கன்ட்ரோல் யூனிட்டில் பதிவது), யாரோ முன்பே சென்சாரையோ கன்ட்ரோல் யூனிட்டையோ மாற்றிவிட்டு வேலையைப் பாதியில் விட்டிருக்கலாம்.

எல்லாவற்றையும் பதிவு செய்த பிறகு குறியீடுகளை அழியுங்கள். திரும்பி வருபவைதான் இன்றைய பழுது. மற்றவை எப்போதோ பேட்டரி இறங்கிய நாளில் வந்தவையாக இருக்கலாம்.

மூன்றாம் படி: இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தல்

ஸ்கேனரின் நேரடித் தரவில் நான்கு மூலைகளின் உயரமும் மி.மீ. அல்லது வோல்ட்டில் தெரியும். சில வண்டிகளில் ஓர் அச்சுக்கு ஒரே சென்சார்தான் இருக்கும், அதையும் கவனியுங்கள். இந்த எண்களை டேப் அளவுகளுக்கு அருகில் எழுதுங்கள்.

இரண்டும் ஒத்துப்போய், உயரம் மட்டும் தவறாக இருக்கிறதா? அப்படியானால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. வண்டி தாழ்ந்திருப்பது அதற்குத் தெரியும், கன்ட்ரோல் யூனிட்டுக்கும் தெரியும், உயர்த்தத்தான் முடியவில்லை. ஏர் ஸ்பிரிங், காற்றுக் குழாய், வால்வு, கம்ப்ரஸர் என்று தேடுங்கள். இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்தால் குமிழிகள் காட்டிக்கொடுக்கும். நிறுத்திவைத்த வண்டி இரவோடு இரவாகத் தாழ்வதும், கம்ப்ரஸர் அடிக்கடி ஓடுவதும் கசிவின் அடையாளங்கள்.

ஒத்துப்போகவில்லையா? டேப்பின்படி மூலை 30 மி.மீ. உயர்ந்து நிற்கிறது, ஸ்கேனரோ எல்லாம் சரி என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் யூனிட்டுக்குத் தவறான செய்தி போகிறது. இங்கே திசையைக் கவனிக்க வேண்டும். சென்சார் "தாழ்ந்திருக்கிறது" என்று பொய் சொன்னால் அமைப்பு காற்றை நிரப்பும். ஆகவே வண்டி உயர்ந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியும் தவறும் சென்சார் சொல்லும் தவறும் எதிரெதிர்த் திசையில் இருக்கும்.

ஸ்கேனரின் எண் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறதா, அல்லது நடக்கவே முடியாத அளவைக் காட்டுகிறதா? அது பெரும்பாலும் மின்சுற்றுப் பழுது. ஐந்தாம் படிக்குப் போகலாம். அசையாத எண்ணுக்குக் கழன்ற லிங்க் ராடும் காரணமாகலாம் என்பதால், போகும் வழியில் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

புதியவர்களைக் குழப்பும் இன்னொன்று உண்டு. வண்டியின் உடல் விறைப்பானது. முன் இடது மூலையைத் தேவைக்கு மேல் தூக்கினால், எடை அந்த மூலைக்கும் அதன் குறுக்கே எதிரே உள்ள பின் வலது மூலைக்கும் கூடுகிறது; மற்ற இரண்டிலும் குறைகிறது. அந்த மாற்றத்தைச் சரிக்கட்ட மற்ற வால்வுகளும் திறந்து மூட, கடைசியில் நான்கு மூலைகளுமே கொஞ்சம் கொஞ்சம் தவறி நிற்கும். மிகவும் கோணலாகத் தெரியும் மூலைதான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். எந்த மூலையில் டேப்புக்கும் ஸ்கேனருக்கும் வித்தியாசம் அதிகமோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

நான்காம் படி: கண்ணால் பார்ப்பது

லிங்க் ராடின் இரு முனைகளிலும் உள்ள பால் ஜாயிண்டுகளை விரலால் அசைத்துப் பாருங்கள். தளர்வு, விரிசல், கழன்ற முனை, வளைந்த கம்பி, நெம்புகோலைப் பிடித்திருக்கும் தளர்ந்த நட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். சென்சார் உட்கார்ந்திருக்கும் தகடு கல்லடி பட்டு வளைந்திருந்தாலும் அளவு மாறிவிடும். மறுபக்கச் சக்கரத்தோடு ஒப்பிட்டால் வளைவு எளிதில் தெரியும்.

நெம்புகோல் தலைகீழாகப் புரண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஜாயிண்ட் தேய்ந்த வண்டியைத் தூக்கி, சக்கரம் முழுவதும் கீழே தொங்கும்போது, நெம்புகோல் தன் எல்லையைத் தாண்டி மறுபுறம் மடிந்துகொள்வதுண்டு. அதன்பின் சைகையின் திசையே மாறிவிடும். வண்டி உயர உயர, தாழ்வதாகச் சென்சார் சொல்லும். அமைப்பு மேலும் காற்றை நிரப்பிக்கொண்டே போகும். வேறொரு வேலைக்காக வண்டியைத் தூக்கி இறக்கிய உடனே தொடங்கிய பழுது என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

பழைய வண்டி வாங்கியவர்கள் லிங்க் ராடின் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும். வண்டியைத் தாழ்வாக நிறுத்துவதற்காக அளவு மாறிய கம்பிகளை மாட்டிச் சென்சாரை ஏமாற்றும் வழக்கம் உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் கேலிப்ரேஷன் எத்தனை முறை செய்தாலும் சரிவராது. அசல் அளவுக் கம்பியைப் போட்ட பிறகே மற்றதெல்லாம்.

ஐந்தாம் படி: மல்டிமீட்டர்

வயரிங் படத்தைப் பார்த்து மூன்று வயர்களையும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக மெல்லிய ஊசிமுனையைச் செருகி அளப்பதே சரியான முறை. கழற்றி அளந்தால், ஒரே ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரும் 5 வோல்ட் காட்டும். சுமை ஏறும்போதுதான் அதன் பலவீனம் வெளிப்படும். வயரின் மேலுறையைக் குத்தி அளக்காதீர்கள். அந்தத் துளை வழியே ஈரம் புகுந்து, இன்னொரு பழுதை நீங்களே விதைத்தவர் ஆவீர்கள்.

இக்னிஷனை இயக்கி, 5 வோல்ட் வயரை முதலில் பாருங்கள். அளவு 5-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தச் சென்சாரை உடனே குறை சொல்லாதீர்கள். பல வண்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார்கள் ஒரே 5 வோல்ட் வழங்கலைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றில் ஷார்ட் ஏற்பட்டால் எல்லாமே விழும்; மூன்று நான்கு சென்சார்களுக்கு ஒரே நேரத்தில் குறியீடு வரும். மீட்டரை அந்த வயரில் வைத்துக்கொண்டு மற்றச் சென்சார்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அந்தக் கிளையில் பழுது.

அடுத்து எர்த். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் முனையில், சிவப்பு முனை சென்சாரின் எர்த் வயரில். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. கூடுதலாக இருந்தால் வழியில் எங்கோ அரிப்பு இருக்கிறது. சைகையும் அதற்கேற்பத் தவறும்.

கடைசியாகச் சைகை. உடல் ஸ்டாண்டுகளில் இருக்கும்போது லிங்க் ராடைக் கழற்றி, நெம்புகோலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மிக மெதுவாகத் திருப்புங்கள். வோல்ட் சீராக ஏற வேண்டும் அல்லது சீராக இறங்க வேண்டும். நடுவே திடீரென்று 0-க்கு விழுந்தாலோ தாவினாலோ, சென்சாரே பழுது. இயல்பு உயரத்தை ஒட்டிய பகுதியில் இன்னும் மெதுவாகத் திருப்புங்கள். தேய்ந்த பட்டை அங்கேதான் அகப்படும். இடது சென்சாரில் வோல்ட் ஏறும் திசையில் வலது சென்சாரில் இறங்கினால் பதற வேண்டாம். பல வண்டிகளில் அவை ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் பொருத்தப்பட்டிருக்கும்.

சென்சாரில் சைகை சரியாக இருந்தும் ஸ்கேனரில் தவறாகத் தெரிந்தால், இடையிலுள்ள வயரைத்தான் சோதிக்க வேண்டும். பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, கன்ட்ரோல் யூனிட்டின் கனெக்டரையும் சென்சாரின் கனெக்டரையும் விடுவித்து, வயரின் இரு முனைகளுக்கிடையே ஓம் அளவைப் பாருங்கள். 1 ஓமுக்கு அருகிலோ குறைவாகவோ இருக்க வேண்டும். தொடாமல் அளக்கும் வகைச் சென்சாரின் உள்ளே ஓம் மீட்டரை வைக்காதீர்கள். அதன் உள்ளே மின்னணுச் சுற்று இருக்கிறது. கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் கிடையாது.

விட்டு விட்டு வரும் பழுது

பணிமனையில் எல்லாம் சரியாக இருக்கும், சாலையில் மட்டும் விளக்கு எரியும். இதற்குப் பொறுமை வேண்டும். ஸ்கேனரில் நான்கு உயரங்களையும் வரைபடமாகப் பதிவு செய்யவிட்டு, வேறொருவர் ஓட்ட, மேடுபள்ளமான சாலையில் போய் வாருங்கள். நல்ல சென்சாரின் கோடு அலையாக ஏறி இறங்கும். வயர் அறுந்து அறுந்து சேர்ந்தால் கோடு ஒரு கணம் செங்குத்தாக எல்லைக்குப் பாய்ந்து திரும்பும். எந்தச் சக்கரமும் அவ்வளவு வேகமாக நகராது. மழைக்குப் பிறகு மட்டும் வருகிறதென்றால் கனெக்டரின் ரப்பர் சீலைப் பாருங்கள். ஸ்டீயரிங் திருப்பும்போது மட்டும் என்றால், சக்கரத்தின் அருகே வளைந்து நெளியும் வயர் பகுதியைக் கையால் அசைத்துக்கொண்டே மீட்டரைக் கவனியுங்கள்.

மாற்றிய பிறகு

பழைய சென்சாரைக் கழற்றும் முன் நெம்புகோலின் திசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடதும் வலதும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் பாக எண் வேறாக இருக்கலாம். எண் ஒன்றே என்றால், வாங்குவதற்கு முன் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். சென்சாரோடு சேர்ந்து குறியீடும் பக்கம் மாறினால் ஐயம் தீர்ந்தது.

புதியது பொருத்தியதும் கேலிப்ரேஷன் அவசியம். ஸ்கேனரில் அந்தப் பகுதிக்குப் போனால், சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வரையுள்ள உண்மை உயரத்தைக் கேட்கும். டேப்பால் அளந்து கொடுங்கள். சமதளம், மூடிய கதவுகள், சுமையில்லாத வண்டி ஆகிய நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் அந்தத் தவறு கன்ட்ரோல் யூனிட்டில் அப்படியே பதிந்துவிடும். வளைந்த தகட்டை நேராக்காமல் கேலிப்ரேஷனால் ஈடுகட்டும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. உயரம் ஓரிடத்தில் சரியாகத் தெரியும். ஆனால் நெம்புகோல் அதன் நடுநிலையிலிருந்து விலகியே வேலை செய்யும், பெரிய பள்ளத்தில் எல்லையை மீறி மறுபடியும் குறியீடு வரும்.

உயரம் மாறினால் முகப்பு விளக்கின் அடிப்படைச் சாய்வையும் மறுபடி அமைக்க வேண்டும். இல்லையென்றால் எதிரே வருபவரின் கண் கூசும். முன் கண்ணாடியில் ஓட்டுநர் உதவிக் கேமரா இருந்தால், அதற்கும் கேலிப்ரேஷன் தேவையா என்று வண்டியின் கையேட்டில் பாருங்கள். வீல் அலைன்மென்ட் இவற்றுக்கெல்லாம் பிறகு, உயரம் உறுதியான பின்தான். முதலில் அலைன்மென்ட், பிறகு உயரம் என்று செய்தால் சக்கரக் கோணங்கள் மீண்டும் மாறிவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஓட்டிப் பாருங்கள்; உயர்நிலை, தாழ்நிலை, இயல்புநிலை என மாற்றி மாற்றிப் பாருங்கள்; குறியீடு எதுவும் திரும்பவில்லை என்று உறுதி செய்யுங்கள். வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவிட்டு, காலையில் கதவைத் திறப்பதற்கு முன் நான்கு மூலைகளையும் மறுபடி அளந்து முந்தைய நாள் எண்களோடு ஒப்பிடுங்கள். நான்கும் மாறாமல் இருந்தால் வண்டியை ஒப்படைக்கலாம். ஒரு மூலை மட்டும் கணிசமாக இறங்கியிருந்தால், சென்சாரோடு கசிவும் இருந்திருக்கிறது. சோப்பு நீரோடு அந்த மூலையின் ஏர் ஸ்பிரிங்கிலிருந்தும் குழாய் இணைப்பிலிருந்தும் தேடத் தொடங்குங்கள்.